அம்மாவுக்கு வந்த ரொட்டி

போன வாரம் அரசலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் புதிதாகத் திறந்த கடையில் ஆளுக்கொரு சாண்ட்விச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம் அல்லவா. உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்து, கரண்ட் பெட்டியில் அமுக்கி, குறுக்கே வெட்டித் தட்டில் கொண்டுவந்து வைத்தான் பையன். நீங்கள் எல்லோரும் ஊதி ஊதித் தின்றீர்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பல்லு இல்லாதவனே தின்னுட்டான். ஒனக்கு என்னய்யா கேடு?" என்று கேட்டீர்கள். அப்போது சொல்ல வாய் வரவில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் வயசுக்காரர்களுக்கு இது புரியும். டவுனில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடுகளில் காலையில் காப்பியோடு ரொட்டி தின்பார்கள். அது அவர்கள் பழக்கம். மண்டபத்தூரில் எங்கள் குப்பத்தில் அப்படி இல்லை. சோறு இறங்காதவனுக்குத்தான் ரொட்டி. காய்ச்சல்காரனுக்கு, வயிற்றுப்போக்குக்காரனுக்கு, டாக்டர் கைவிட்டவனுக்கு. ஒருத்தர் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு மணலில் நடந்து வந்தால், எந்த வீட்டு வாசலில் நிற்கிறார் என்று எல்லாக் கண்ணும் பார்க்கும். பொட்டலம் நம் வாசலைத் தாண்டிப் போனால்தான் மூச்சு வரும்.

எங்கள் வீட்டு வாசலில் அது ஒருமுறை நின்றிருக்கிறது. என் தம்பிக்கு. அப்போது அவனுக்குப் பேச்சு முழுசாக வரவில்லை. காய்ச்சல் இறங்கவே இல்லை. "பாலும் ரொட்டியும் மட்டும் குடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தைதான் டவுனிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு அக்கா. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அவர் அங்கே, இவள் இங்கே. பிள்ளை இல்லை. தம்பி மேல் உயிராக இருந்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறப்போட்டு, விரலால் மசித்து, அவன் வாயில் வைப்பாள். எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். கேட்டால் அடி விழும் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் பாதியைத் துப்புவான். பாயில் விழுந்த துணுக்கை எறும்பு இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் அவன் வாயோரத்தில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

மிச்ச ரொட்டி பரண் மேல் இருந்தது. தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. பச்சையாகப் பூசணம் பூத்தது. ஒரு நாள் அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் வீசினார். காக்காய் தூக்கிக்கொண்டு பறந்தது. கொஞ்ச நாள் கழித்து, வலை காயப்போடும் இடத்தில் ஒரு காக்காய் கால் இரண்டும் மேலே நீட்டிச் செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். அதே காக்காய்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா, பெரியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த மழைக்காலம். கடல் கறுப்பாகக் கிடந்தது. கட்டுமரங்களை எல்லாம் மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அப்பா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கூரை ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்திருக்கும். ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு சத்தம் போடும். மழை நாளில் நம் சனத்துக்குக் கருவாடுதான் துணை, உங்களுக்குத் தெரியாதா. எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பானை நிறைய இருக்கும். ஒரு நாள் அப்பா அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே மழையில் வைத்தார். ஓலையைப் போட்டு மூடினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கருவாட்டுப் பானையை யாராவது மழையில் வைப்பார்களா?

"ஏம்ப்பா?"

"ஒண்ணுமில்ல. போய் வெளயாடு."

அதோடு மீன் வாடையே வீட்டில் நின்றுபோனது. தாளிப்பும் நின்றது. நம் வீடுகளில் எப்போது மீனும் தாளிப்பும் நிற்கும்? அம்மை போட்டால். நான் ஓடிப்போய் நிலைப்படியைப் பார்த்தேன். வேப்பிலை செருகவில்லை. பிறகு அப்பா கை, அம்மா கை, என் கை, வயிறு எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு கொப்புளமும் இல்லை. அப்புறம் ஏன்? அம்மா கொல்லைப்புறம் போய்க் குனிந்து நிற்பாள். வாந்தி எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவாள். சோறு கொதிக்கும்போது மூக்கை முந்தானையால் பொத்திக்கொள்வாள். கன்னத்து எலும்பு தெரிந்தது.

இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு மசக்கை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்தது தரித்தால், அது நிலைக்கும் வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் தங்காது. பக்கத்து வீட்டுக்கே சொல்லாததை என்னிடம் சொல்வார்களா? தம்பி படுத்திருந்தபோதும் நான் அவனுக்கு என்ன என்று கேட்டிருக்கிறேன். அப்போதும் அப்பா "ஒண்ணுமில்ல, போய் வெளயாடு" என்றுதான் சொன்னார். அதே வார்த்தை. அதனால் இந்தமுறை நான் விளையாடப் போகவில்லை.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, அத்தை வந்தாள். தரங்கம்பாடி போகும் பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடந்து வந்தாள். கக்கத்தில் ரொட்டிப் பொட்டலம். நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஒவ்வொரு வாசலாகத் தாண்டியது. எங்கள் வாசலில் நின்றது.

எதிர்வீட்டு மீன்காரப் பெரியம்மா தலையை நீட்டினாள்.

"என்னா சொல்தா வூட்டம்மா, ரொட்டியெல்லாம் வருது? யாருக்கு ஒடம்பு?"

"யாருக்கும் இல்ல. சும்மாத்தான்."

"சும்மா யாராச்சும் ரொட்டி வாங்குவாங்களா?"

"ஏன், திங்கக்கூடாதா? நாங்க டவுன்ல தெனம் திங்கிறோம்."

"நீங்க திங்கலாம்மா. ஒங்களுக்கு பிரான்சு வயிறு" என்றாள் பெரியம்மா. தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆனால் அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நானும் நம்பவில்லை.

அத்தை இன்னொரு சாமானும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு இரும்புத் தகடு, ஒன்றின் மேல் ஒன்று வாய் மூடுகிற மாதிரி. நீளமாக இரண்டு கைப்பிடி, நுனியில் கட்டை. உள்பக்கம் சிப்பி மாதிரி வரி வரியாக இருக்கும். மாமா லீவில் வந்தபோது கொண்டுவந்தது. அதற்கு அத்தை ஒரு பிரெஞ்சுப் பேர் சொன்னாள், எங்கள் வாயில் நிற்கவில்லை. இடுக்கி என்று வைத்துக்கொண்டோம். அந்த மாதிரி ஒன்றைப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை. பழைய இரும்புக்காரன் வண்டியில்கூடத் தேடியிருக்கிறேன்.

"அங்க குளுருக்கு அடுப்புப் பக்கத்துல ஒக்காந்து இதுலதான் சுடுவாங்களாம்" என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள். "உள்ள பன்னிக்கறியும் பால்கட்டியும் வப்பாங்களாம். எங்க வூட்டுக்காரரு சொல்லும்போதே எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. நான் நம்ம கெழங்க வச்சுப் பாத்தேன். நீ ஒரு வா தின்னு பாரு. மீன் வாடையும் இல்ல, சோத்து வாடையும் இல்ல."

"எனக்கு எதுவும் எறங்காது அண்ணி."

"எறங்கும். எறங்காட்டி எப்புடி? நீ ஒருத்திக்கா திங்கிற..." என்று ஆரம்பித்த அத்தை, நான் நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அவள் செய்ததை நான் ஒன்று விடாமல் பார்த்தேன். பயத்தில் பார்த்தது மறக்காது. கிழங்கைத் தோலோடு வேகவைத்தாள். சூடாகவே இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி உரித்தாள். பித்தளை டம்ளரின் அடியால் நசுக்கினாள், ரொம்ப மசியாமல் அங்கங்கே கட்டி இருக்கும்படி. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தட்டிய இஞ்சி. கடுகு வெடிக்கும்போது அம்மா ஓங்கரிக்கக்கூடாது என்று கொல்லைப்புறத்துச் சார்ப்பில் தனி அடுப்பு மூட்டித் தாளித்தாள். மஞ்சள் தூள், உப்பு, கறிவேப்பிலை. இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கையால் பிசைந்து கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பிழிந்தாள்.

பிறகு கொட்டாங்கச்சித் தணல். மழையில் ஈரம் பட்ட கொட்டாங்கச்சி சீக்கிரம் பிடிக்காது. ஊதி ஊதி அத்தையின் கண் சிவந்துவிடும். ரொட்டியை வீச்சரிவாள் மாதிரி இருக்கும் ஒரு கத்தியால் துண்டு போட்டு, வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, நடுவில் மசாலாவைப் பரப்பி, இடுக்கியில் வைத்து அமுக்குவாள். பிதுங்கிய ஓரம் கருகும். வெண்ணெய் சொட்டித் தணலில் விழுந்து புகையும். திருப்புவாள். திறந்தால், பொன் நிறத்தில், மேலே ஒரு பெரிய சிப்பி படம் வரைந்த மாதிரி இருக்கும். அழகாகத்தான் இருந்தது. கடலில் மிதந்து வருகிற பாம்பும்தான் அழகாக இருக்கும்.

அம்மா கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து அதைக் கையில் வாங்கினாள். கொஞ்ச நேரம் தின்னாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். வாந்தி வரவில்லை.

"பாத்தியா, எறங்கிருச்சு" என்றாள் அத்தை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர். அப்பாவும் வலையை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தார். எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். தம்பிக்கும் முதல் நாள் இறங்கியது.

அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ரொட்டி தீர்ந்தால் பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு வருவாள். சாயங்காலமானால் தணல். சாயங்காலமானால் அந்த வாசனை. அம்மா தூங்கினால் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன். தூக்கத்தில் ரொட்டித் துணுக்கு வாயோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் துடைத்துவிடுவேன்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. சின்னப் பிள்ளை யோசனைதான். சாவு ரொட்டிக்குள் இருக்கிறது. அதை யார் தின்கிறார்களோ அவர்களுக்குப் போகிறது. அம்மா தின்னவில்லை என்றால் அம்மாவுக்கு வராது. வேறு யாராவது தின்றுவிட்டால்? காக்காய்க்குப் போடலாம் என்று பார்த்தேன். அத்தை தட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். மிச்சம் இருந்தது நான்தான்.

அன்றைக்கு அம்மா ரொட்டியைப் பிட்டு ஊதிக்கொண்டிருந்தாள். நான் பருந்து மாதிரிப் பாய்ந்து பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டேன். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கிழங்கு நெருப்பு. நாக்கு பொத்துப்போனது. துப்பவில்லை. விழுங்கினேன்.

அத்தை இடுக்கியோடு எழுந்துவிட்டாள்.

"அடப்பாவி. ஒடம்புக்கு முடியாதவ வாயில இருக்குறத புடுங்கித் திங்கிறியே, நீ புள்ளையா பூதமா?"

உடம்புக்கு முடியாதவள். அத்தை வாயாலேயே வந்துவிட்டது. அப்பா முதுகில் ஒரு அறை விட்டார். வலைக் கயிறு பிடித்துக் காய்த்த கை.

"நாக்க அடக்கத் தெரியாதவன் கடல்ல என்னத்த பொழக்கப்போற?"

மறுநாளும் பிடுங்கினேன். மறுநாளும் அடி. அத்தை இரக்கப்பட்டு, "இந்தா, இது ஒனக்கு. அவளுத உட்டுரு" என்று எனக்குத் தனியாக ஒன்று சுட்டுக் கொடுத்தாள். அதையும் தின்றேன், அம்மாவுடையதையும் பிடுங்கித் தின்றேன். "ரொட்டிப் பேய்" என்று பேர் வைத்தாள். மீன்காரப் பெரியம்மா வாசலில் நின்று, "என்னடா ரொட்டிப் பேயி, இன்னைக்கு எத்தன?" என்று கேட்பாள். நான் உள்ளே ஓடிவிடுவேன். ஒவ்வொரு நாளும் தின்று முடித்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், சுடுகிறதா என்று. சுடாது. அப்படியென்றால் இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது என்று நினைப்பேன். இன்னும் தின்னவேண்டும்.

இதில் ஒரு கொடுமை, அது ருசியாக இருந்தது. மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே புளிப்பும் காரமுமாகக் கிழங்கு வெதுவெதுவென்று வரும். பயந்துகொண்டே தின்னும்போதும் நாக்கு இன்னும் கேட்கும். என் நாக்கை நினைத்தே எனக்குப் பயமாக இருந்தது.

பெரியவர்கள் மூன்று பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கும் அத்தைக்கும் நான் பெருந்தீனிக்காரன். அம்மா மட்டும் என் கண்ணையே பார்த்தாள்.

ஒரு மத்தியானம் அத்தை ரொட்டி வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். அப்பா கட்டுமரக் கட்டு அவிழ்ந்ததா என்று பார்க்கக் கரைக்குப் போயிருந்தார். அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏன்டா அழுதுகிட்டே திங்கிற?"

நான் கதவுக் கட்டையைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

"ஆசப்பட்டுத் திங்கிறவன் கண்ண மூடிக்கிட்டுத் திங்கமாட்டான். தின்னுட்டு எதுக்கு நெத்திய தொட்டுப் பாக்குற?"

"நீ தின்னா செத்துப்போயிருவ" என்றேன். சொன்னதும் அழுகை வெடித்துவிட்டது. "தம்பியும் ரொட்டி தின்னுதான் செத்தான். காக்காவும் செத்துச்சு. நான் தின்னுர்றேம்மா. நீ திங்காத."

அம்மா அடிக்கவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. "அப்புடியெல்லாம் இல்லடா" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"எனக்குச் சீக்கு இல்ல" என்றாள், குரலைத் தாழ்த்தி. "என்னன்னு இப்ப சொல்லக்கூடாது. சொன்னா தங்காது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த ரொட்டிய கையில வாங்குறப்பல்லாம் எனக்கும் அவன் ஞாபகந்தான் வருது. நானும் பயந்து பயந்துதான் திங்கிறேன்."

"அப்ப ஏன் திங்கிற?"

"வேற எதுவும் உள்ள நிக்கலியே."

அவள் எழுந்தாள். அத்தை வைத்திருந்த கிழங்கு மசாலா கொஞ்சம் மிச்சம் இருந்தது, ரொட்டி இரண்டு துண்டு இருந்தது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு அம்மாவே தணல் போட்டாள். அவளுக்கு இடுக்கி பிடித்துப் பழக்கம் இல்லை. ஒரு பக்கம் கருகிவிட்டது. கத்தியால் கருகலைச் சுரண்டினாள். சரி பாதியாகப் பிட்டு ஒரு பாதியை என் கையில் வைத்தாள்.

"ஒண்ணாத் திம்போம். வர்றது ரெண்டு பேருக்கும் வரட்டும். புடுங்காத. மெதுவா மென்னு தின்னு."

இரண்டு பேரும் கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து தின்றோம். அவள் ஒரு கடி கடித்து என்னைப் பார்ப்பாள். நான் ஒரு கடி கடித்து அவளைப் பார்ப்பேன். அந்தப் பயத்தை எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தனியாகப் பயந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது.

பாதிக்கு வந்தபோது அத்தை உள்ளே வந்தாள். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கடையில் ரொட்டி போடவில்லையாம், வெறுங்கையோடு வந்திருந்தாள்.

"தாயும் புள்ளையும் ஒண்ணா ஒக்காந்தாச்சா. அப்பாடா. எனக்கும் ஒரு துண்டு பிட்டுக் குடுடி. காலையில தின்னது. குளுருல உசுரு போவுது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையில் இருந்ததை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

"இல்லண்ணி" என்றாள் அம்மா, வாய் நிறைய வைத்துக்கொண்டு. "தீந்துருச்சு. ஒங்களுக்குக் கஞ்சி வச்சுத் தாறேன்."

அத்தை அப்படியே நின்றாள். சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு துண்டு" என்றாள் மெதுவாக. "நான் சுமந்தாந்த ரொட்டியில ஒரு துண்டு."

அவள் ஈரச்சேலையை மாற்ற உள்ளே போனதும் நான் அம்மாவின் காதில், "சொல்லிருவோமாம்மா?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? ஒங்க ரொட்டியில சாவு இருக்குன்னா? அவங்க கையாலதான தம்பிக்கு ஊட்டுனாங்க. அத நெனச்சு நெனச்சே செத்துருவாங்கடா. வாயத் தொறக்காத."

நான் திறக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அம்மாவின் மூக்குக்கு நேரே விரல் வைத்தேன். அவள் விரல் என் நெற்றியில் இருந்தது. மழை விட்ட பிறகு அத்தை டவுனுக்குப் போனாள். சித்திரை வெயிலில் எனக்குத் தங்கச்சி பிறந்தாள். அவளும் நிலைத்தாள், அம்மாவும் நிலைத்தாள். அதற்குப் பிறகுதான் அவர்கள் எனக்குச் சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்கு விளங்கியது.

அத்தை நல்லதுக்கும் கெட்டதுக்கும் வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது அந்தக் கதை வந்துவிடும். "மழையில நனஞ்சு வந்து நிக்கிறேன். ஒரு துண்டு ரொட்டி. வாயில போட்டு அமுக்கிக்கிட்டாங்க ஆத்தாளும் மவனும்." எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். ஊரில் அம்மாவுக்குக் கஞ்சப்பிசினாரி என்று பேர் நிலைத்ததே அப்படித்தான்.

அத்தை கடைசியாகப் படுத்தது டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில். அம்மாவுக்கும் அப்போது வயசாகிவிட்டது. தங்கச்சி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் வழக்கப்படி ரொட்டி வாங்கி வந்து தலைமாட்டில் அடுக்கியிருந்தார்கள். அம்மா போனவுடன் முதல் வேலையாக அந்தப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்து, வெளியே கொண்டுபோகச் சொன்னாள். பிறகு தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள்.

அத்தை படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். குரல் வரவில்லை, காற்றாகத்தான் வந்தது.

"பாத்தியாடா ஒங்க ஆத்தாள. இன்னைக்கும் எனக்கு ஒரு துண்டு ரொட்டி குடுக்க மனசு வரல."

"ஆமாண்ணி, வரல" என்றாள் அம்மா. கரண்டியில் எடுத்த கஞ்சியை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே, "வாயத் தொறங்க" என்றாள்.